கொட்டாப்புளியும் கிரிக்கெட் மட்டையும்



வரலாறு என்றவுடன் அரசர்களையும் போர்களையும் கல்வெட்டுகளையும் எண்ணிக்கொள்வது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு மரச் சுத்தியல். புதிய கிரிக்கெட் மட்டையை ஆட்டத்துக்குக் கொண்டுசெல்லுமுன், அதன் முகத்தைத் தட்டித் தட்டிப் பதப்படுத்துவதற்குப் பயன்படும் சிறு சுத்தியல் அது. "இதற்கும் ஒரு வரலாறா?" என்று நீங்கள் நகைக்கக்கூடும். நானும் நகைத்தவன்தான். அருள்புரத்தைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் உடைந்த மட்டையோடு என்னைத் தேடி வந்த நாள்தொட்டு அந்த நகைப்பு நின்றுபோயிற்று.

திருப்பூரிலிருந்து பல்லடத்துக்குச் செல்லும் சாலையில் இருக்கிறது அருள்புரம். பனியன் கம்பெனிகளும் சாயப்பட்டறைகளும் அவற்றை நம்பி வாழும் குடும்பங்களின் லைன் வீடுகளும் நெருங்கிய ஊர். சனிக்கிழமை கூலி வாங்கியதும் ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் காலி மனைகளில் கூடிவிடுவார்கள். அங்கே ஆடப்படுவது டென்னிஸ் பந்துக் கிரிக்கெட். அந்தப் பந்து மென்மையானது. கடையில் வாங்கிய மட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு ஓடலாம். தோல் பந்து வந்தவுடன்தான் தொல்லை தொடங்குகிறது. தக்கையை நடுவில் வைத்து, நூலை இறுகச் சுற்றி, மேலே தோல் தைத்த அந்தப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை இருக்கும். கல்லுக்கும் அதற்கும் வேறுபாடு சிறிதே.

அந்தச் சிறுவன் பள்ளி அணிக்குப் புதிதாகத் தேர்வு பெற்றவன். துணியை உருளைகளுக்கிடையே அழுத்திக் கொடுக்கும் கேலண்டரிங் பட்டறை ஒன்றில் அவன் தந்தைக்கு வேலை. தந்தையின் வாரக் கூலியில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கிய காஷ்மீர் மட்டை, பயிற்சியின் முதல் நாளிலேயே விளிம்பில் பிளந்துவிட்டது.

"ஏனுங்க ஐயா, நாலு நாளா ராத்திரி ராத்திரி உட்கார்ந்து தட்டுனனுங்க. மூணாவது பந்துலயே விட்டுப்போச்சுங்க. மட்டை சொத்தைங்களா, நான் தட்டுனது தப்புங்களா?" என்று கேட்டான்.

"எதைக் கொண்டு தட்டினாய், தம்பி?" என்றேன்.

பையிலிருந்து ஒரு பழைய கருவியை எடுத்து வைத்தான். "எங்க அப்புச்சியோடதுங்க. வண்டி வேலை செஞ்சவருங்க" என்றான்.

அது தச்சர்கள் உளியை அடிக்கப் பயன்படுத்தும் கொட்டாப்புளி. வைரம் பாய்ந்த புளியங்கட்டை. பல்லாண்டு உழைப்பில் கறுத்து மெருகேறியிருந்தது. மட்டையின் முகத்தைச் சாளரத்து ஒளியில் சாய்த்துப் பார்த்தேன். பிறைநிலாப் போன்ற சிறு சிறு வெட்டுகள் முகமெங்கும், குறிப்பாக விளிம்பை ஒட்டி, நெருக்கமாகப் பதிந்திருந்தன. நான்கு இரவுகள் விழித்திருந்து தன் மட்டையைத் தானே வெட்டியிருக்கிறான் அந்தப் பிள்ளை. அடுத்த மட்டை தீபாவளி போனசுக்குப் பிறகுதான் வரும். அதற்குள் தக்க சுத்தியல் எது என்பதை அவன் அறிந்துகொள்ள வேண்டும். அவனுக்குச் சொல்வதற்காக நான் தேடிப் படித்தவற்றையே இன்று உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கொட்டுதல் என்றால் அடித்தல். பறை கொட்டுகிறோம், முரசு கொட்டுகிறோம். அந்த வினையின் வழியே பிறந்தது கொட்டாப்புளி என்னும் பெயர். கொட்டாப்பிடி என்றும் வழங்குவதுண்டு. சொல்லின் ஈற்றில் புளிய மரத்தைத் தேடுவாரும் இருக்கிறார்கள். இழைப்புளி என்னும் சொல்லில் இருப்பது உளியே அன்றிப் புளியன்று என்பதை நினைத்துக்கொண்டால் அந்த ஆசை அடங்கிவிடும். இரும்புச் சுத்தியலால் அடித்தால் உளியின் மரப்பிடி சிதைந்து போகும். ஆகவே மரத்தை அடிக்க மரத்தையே கொள்வது தச்சருடைய மரபு. மட்டையை அடிக்கும் சுத்தியலும் மரத்தால் ஆனதற்குக் காரணம் இதுவே.

இனி, காசு கொடுத்து வாங்கிய மட்டையை ஏன் அடிக்க வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். இதற்கு விடை கிரிக்கெட் மட்டையின் வரலாற்றில் இருக்கிறது.

இங்கிலாந்தின் தென்கிழக்குப் பகுதியில் இந்த ஆட்டம் வளர்ந்த தொடக்க காலத்தில், பந்து தரையோடு தரையாக உருட்டி விடப்பட்டது. உருண்டு வரும் பந்தை அடிக்க மட்டையும் ஹாக்கிக் கோலைப்போல அடியில் வளைந்திருந்தது. 1729 என்று ஆண்டு பொறித்த மட்டை ஒன்று லண்டன் ஓவல் மைதானத்தில் போற்றி வைக்கப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 1760ஆம் ஆண்டுக்குப்பின் பந்து வீசுவோர் பந்தைக் காற்றில் எறிந்து தரையில் குத்தி எழச்செய்யும் முறையைக் கைக்கொண்டனர். எழுந்து வரும் பந்துக்கு வளைந்த மட்டை உதவாது. மட்டை நிமிர்ந்தது.

நிமிர்ந்த மட்டைக்கு அகலம் எவ்வளவு? அதுவரை யாரும் கேட்கவில்லை. 1771ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், ஹாம்பிள்டன் அணிக்கு எதிராக வைட் என்பவர் விக்கெட்டின் அகலத்துக்கே ஒரு மட்டையைச் செய்து எடுத்துக்கொண்டு வந்து நின்றார். பந்து எந்தப் பக்கம் போனாலும் பலகை தடுத்துவிடும். ஹாம்பிள்டன் ஆட்டக்காரர்கள் உடனே கூடி, மட்டையின் அகலம் நாலேகால் அங்குலத்துக்கு மேற்படலாகாது என்று எழுதி வைத்தார்கள். அளந்து பார்க்க இரும்புச் சட்டம் ஒன்றும் செய்துகொண்டார்கள் என்பர். 1774ஆம் ஆண்டு விதிகளில் அந்த அளவு இடம்பெற்றது. இன்று வரையில் அது மாறவில்லை. சென்டிமீட்டர்க் கணக்கில் 10.8. ஒருவருடைய குறும்பு இரண்டரை நூற்றாண்டுகளாக உலகத்து மட்டைகளையெல்லாம் அளந்துகொண்டிருக்கிறது.

பின்னர்ப் பந்து வீசும் கை மேலே மேலே ஏறியது. 1835இல் தோள் மட்டத்திலிருந்து வீசுவதற்கும், 1864இல் தலைக்கு மேலிருந்து வீசுவதற்கும் விதி இடங்கொடுத்தது. பந்தின் வேகம் பெருகியது. ஒரே கட்டையில் செதுக்கிய பழைய மட்டையால் அடித்தபோது அதிர்ச்சி முழுவதும் கையில் இறங்கியது. ஆகவே பிரம்பினால் தனியாகப் பிடி செய்து, ஆப்புப் போன்ற வடிவில் மட்டைக்குள் செருகி ஒட்டும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. வேகமாய் வரும் பந்தை எதிர்கொள்ள மட்டையை விரைந்து வீசவும் வேண்டும். அதற்கு இலேசான மரம் தேவை. ஆனால் இலேசான மரங்கள் பலவும் பந்து பட்டதும் சிம்பு சிம்பாகத் தெறித்துவிடும். இலேசாகவும் இருந்து, எளிதில் சிதறாமல் நாரோடு நார் பற்றிக்கொண்டு நிற்கும் மரமாக வாய்த்தது வில்லோ. நம் மலைநாட்டு ஓடைக் கரைகளில் வளரும் ஆற்றுப்பாலை அந்த இனத்தைச் சேர்ந்ததே. ஆயினும் மட்டைக்கு உரியது வெள்ளை வில்லோவின் ஒரு வகையாகும்.

வில்லோவின் எடை தண்ணீரின் எடையில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அதன் உள்ளே மிக நுண்ணிய குழல்கள் நீளவாக்கில் அடுக்கடுக்காக நிற்கின்றன. குழல்களுக்குள் காற்று. இலேசாக இருப்பதற்குக் காரணம் அந்தக் காற்றுதான். பந்து பட்டால் குழிந்துவிடுவதற்குக் காரணமும் அதுதான். மட்டை செய்வோர் இதை நன்கு அறிவார்கள். முற்காலத்தில் அவர்களே சுத்தியலால் முகத்தை அடித்து, விலங்கின் கால் எலும்பால் அழுத்தித் தேய்த்து மேற்பரப்பை இறுக்கினார்கள். பின்னர் இரும்பு உருளை வந்தது. மட்டையை உருளையின் கீழே செலுத்தி அழுத்துகிறார்கள். கேலண்டரிங் பட்டறையில் துணி பெறும் அழுத்தத்தை இங்கே மரம் பெறுகிறது. இந்த ஒப்புமையைச் சொன்னதும் அருள்புரத்துச் சிறுவனின் கண்கள் விரிந்தன. "அப்ப எங்கப்பன் செய்யற வேலைதானுங்களா?" என்றான்.

ஆனால் உருளை எல்லாவற்றையும் செய்துவிடக் கூடாது. அளவுக்கு மேல் அழுத்தினால் மேற்பரப்பு மரத்துப்போய், பந்தைத் துள்ளி அனுப்பும் தன்மை குன்றிவிடும். அழுத்தம் போதாவிட்டால் முதல் வாரத்திலேயே முகம் குழிந்து விளிம்பு பிளக்கும். இந்த இரண்டுக்கும் இடையில் ஓர் இடத்தில் பட்டறை நின்றுகொள்கிறது. மிஞ்சிய வேலை வாங்கியவனுடையது. விளிம்பு தடித்த மட்டைகளை ஆட்டக்காரர்கள் விரும்பத் தொடங்கிய பிறகு இந்த மிச்சம் வளர்ந்ததே ஒழியக் குறையவில்லை. விளிம்பு 40 மில்லிமீட்டருக்கும், நடுத்தடிப்பு 67 மில்லிமீட்டருக்கும் மேற்படக் கூடாது என்று 2017இல் விதி செய்ய வேண்டியதாயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாடெல்லாம் வேண்டாம் என்று ஒருவர் துணிந்ததும் உண்டு. 1979ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பெர்த் நகரில் இங்கிலாந்துக்கு எதிரான டெஸ்ட் ஆட்டத்தில், ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி அலுமினிய மட்டையோடு இறங்கினார். எண்ணெய் வேண்டாம், சுத்தியல் வேண்டாம். பந்து பட்டபோது எழுந்த ஒலியோ பாத்திரக் கடையின் ஒலி. பந்து கெட்டுப்போகிறது என்று எதிரணித் தலைவர் பிரேர்லி முறையிட்டார். லில்லி சினந்து மட்டையைத் தூர எறிந்தார். அடுத்த ஆண்டு விதிகளில் மட்டையின் அலகு மரத்தால் ஆனதாக இருத்தல் வேண்டும் என்று எழுதப்பட்டது. சுத்தியலுக்கு அதனால் வாழ்வு கிடைத்தது.

நம் நாட்டுக்கு மட்டை வந்த கதையை விரிக்க நேரமில்லை. சென்னையில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846இல் தோன்றியது. வெள்ளையர் மட்டுமே ஆடிய அந்த ஆட்டத்தில் நம்மவர்களும் தலைநிமிர்ந்து நிற்க, புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். 1934 நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னையும் மைசூரும் மோதிய ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் ஒரே பகலில் முடிந்துபோயிற்று. தொடக்க காலத்தில் மட்டைகள் கப்பலேறி வந்தவை. குளிர்நாட்டு மரம் நம் வெயிலில் ஈரம் உலர்ந்து வெடிப்புக் காணும். எண்ணெய் ஊட்டுவதும், வலைப் பயிற்சியில் பழைய பந்துகளை மெல்ல ஆடி மட்டையைப் பழக்குவதும் அக்காலத்து வழக்கங்கள். பிரிவினைக்கு முன் இந்தியாவின் மட்டைத் தொழிலுக்குத் தலைநகரம் சியால்கோட். 1947இல் அங்கிருந்து அகதிகளாய் வந்த தொழிலாளர்களும் முதலாளிகளும் ஜலந்தரிலும் மீரட்டிலும் பட்டறைகளை அமைத்தார்கள். காஷ்மீரத்தின் அனந்தநாக் பகுதியில் வளரும் வில்லோ ஏழை எளிய மாணவருக்கும் எட்டக்கூடிய மட்டையாயிற்று. அருள்புரத்தில் பிளந்ததும் அத்தகைய மட்டையே.

இங்கே கிரிக்கெட்டைச் சற்று நிறுத்திவிட்டு, துணியின் பக்கம் திரும்ப வேண்டும். காரணம் உண்டு. ஒரு பரப்பைச் சிதைக்காமல் அடித்து இறுக்குவதற்கு எத்தகைய மரம் வேண்டும் என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டுத் துணித்தொழில் கிரிக்கெட் இங்கே வருமுன்பே விடை கண்டிருந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையின் வண்ணச் சித்திரத் துணிகளுக்கு ஐரோப்பா மயங்கிக் கிடந்தது. 1734இல் சென்னையில் நெசவாளரையும் நூற்போரையும் துணி வெளுப்போரையும் குடியேற்றிச் சிந்தாதிரிப்பேட்டையை அமைத்ததே அந்த வாணிகத்துக்காகத்தான். அந்தச் சாயத்தின் மறையை அறிந்து எழுதியவர்களில் ஒருவர் கேர்தூ என்னும் பிரெஞ்சு ஏசு சபைப் பாதிரியார். வடமொழிக்கும் கிரேக்க இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவைச் சுட்டிக்காட்டிய முன்னோடிகளில் ஒருவரும் அவரே. 1742ஆம் ஆண்டு அவர் எழுதிய நீண்ட கடிதம் ஒன்று, துணி தயாராகும் முறையைப் படிப்படியாக விளக்குகிறது.

வெளுத்த துணியைக் கடுக்காய்த் தூளும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு சாயத்தைப் பற்றிக்கொள்ள உதவும். பாலின் கொழுப்பு சாயம் கசிந்து பரவாமல் காக்கும். பிறகு துணியை மடித்து, வழுவழுப்பான கட்டையின்மேல் வைத்து, மரத்தாலான கருவியால் அடிப்பார்கள். நூல்கள் தட்டையாகி ஒன்றோடொன்று நெருங்கி, துணியின் முகம் காகிதம்போல் ஆகிவிடும். அதன்மேல்தான் எழுதுகோல் தடையின்றி ஓடும். அடிக்கும் மரத்துக்குப் புளியும் பூவரசும் கொள்ளப்பட்டன என்றும், அவை மிகவும் கெட்டியானவை, முதிர்ந்தால் வரியோட்டமே தெரியாதவை என்றும் அவர் காரணத்தையும் எழுதிவைத்தார்.

அந்தக் காரணத்தைக் கவனியுங்கள். கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது. வரியோட்டம் தெரியாத வழுவழுப்பும் வேண்டும். வரி மேடுபள்ளமாக இருக்கும் மரம் அடிக்குந்தோறும் தன் வரியைத் துணியில் பதித்துவிடும். சிம்பு எழுந்தால் துணி கிழியும். துணியடித்தவரிடமிருந்து மட்டையடிப்பவர் கற்றுக்கொண்டார் என்று நான் சொல்லவரவில்லை. முதலில் கொழுப்பை ஊட்டு, பிறகு வழுவழுப்பான கட்டையால் பொறுமையாக அடி என்ற அதே வழிக்கு இருவரும் தனித்தனியே வந்து சேர்ந்திருக்கிறார்கள். திருப்பூர் வட்டாரத்தில் இன்று துணியைக் கையால் அடிப்பாரில்லை. உருளை இயந்திரங்கள் அந்த வேலையை மேற்கொண்டுவிட்டன. மட்டைக்கும் தட்டும் இயந்திரங்கள் வந்திருக்கின்றன. பெரிய விளையாட்டுப் பொருட்கடைகளில் பணம் பெற்றுக்கொண்டு தட்டித் தருகிறார்கள். ஆயினும் விளிம்பைப் பதப்படுத்துவதில் கைக்கு ஈடாக எதையும் நான் கண்டதில்லை.

சுத்தியலைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது மரம். மட்டையைவிட அடர்த்தியான மரமாக அது இருத்தல் வேண்டும். மெல்லிய மரத்தால் அடித்தால் குழிவது சுத்தியலே. மேல்நாட்டார் ஆஷ், பீச் முதலிய மரங்களைக் கொள்கிறார்கள். நமக்கு அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. புளி இருக்கிறது; வண்டிக்கும் கலப்பைக்கும் உதவிய கருவேல் இருக்கிறது; கிடைத்தால் ஈட்டியும் நன்று. இவற்றின் எடை வில்லோவைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. தேக்கு நல்ல மரம்தான். ஆனால் இந்த வேலைக்கு அதை நான் சொல்லமாட்டேன். அது கதவுக்கும் கட்டிலுக்கும் உரிய மரம். அடிப்பதற்கு வேண்டிய கனம் அதனிடம் இல்லை. எம்மரமாயினும் வெளிறு நீக்கி வைரமாகக் கொள்ள வேண்டும். நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். பச்சைக் கட்டை பின்னர் வெடிக்கும். பிடியைத் தளர்வாகப் பற்றித் தலையை மற்றொரு கட்டையில் தட்டிப் பாருங்கள். குறையற்ற கட்டை கணீரென்று பேசும். உள்ளே வெடிப்புள்ளது மந்தமாக முனகும்.

அடுத்தது வடிவம். அருள்புரத்துச் சிறுவன் தவறியது இங்கேதான். அவன் பாட்டனாரின் கொட்டாப்புளி மரத்தால் உத்தமமானது. கேர்தூ பாதிரியார் கண்டிருந்தால் மெச்சியிருப்பார். ஆனால் அதன் முகம் தட்டை. உளியின் தலையில் நழுவாமல் விழுவதற்குத் தட்டை முகம் வேண்டும். அதே முகம் மட்டையின்மேல் சற்றே சாய்ந்து விழுந்தால் முகம் படுவதில்லை. முகத்தின் ஓரம் படுகிறது. ஓரம் உளியைப்போல நாரை அறுக்கிறது. பிறைநிலா வெட்டுகள் அவ்வாறு வந்தவையே. வெட்டுண்ட நாரின்மேல் வேகப்பந்து பட்டபோது விளிம்பு பிளந்தது. ஆகவே மட்டைச் சுத்தியலின் முகம் பந்தைப்போலக் குவிந்து உருண்டிருக்க வேண்டும். உருண்ட முகம் எப்படிச் சாய்ந்து விழுந்தாலும் ஓரம் படாது. அது ஆழமற்ற சிறு கிண்ணம்போல் ஒரு பள்ளத்தை இடும். அடுத்த அடி அதன்மேல் பாதி ஏறி விழுந்து அதைச் சமன் செய்யும். நார் அறுபடாமல் வளைந்து, பக்கத்து நாரோடு பின்னிக்கொள்ளும். விரல் நுனியால் தலை முழுவதையும் தடவிப் பார்த்தே சுத்தியலை வாங்குங்கள். எங்கேனும் ஒரு மூலை விரலை உறுத்தினால் அது மட்டையையும் உறுத்தும். பளபளப்பான வார்னிஷ் பூச்சைக் கண்டு மயங்காதீர்கள். பூச்சு நாளடைவில் செதிலாய் உரிந்து மட்டைக்குள் அடிபட்டுப் புதையும்.

பிடியும் தலையும் ஒரே கட்டையில் கடைந்ததாயின் நல்லது. தனித்தனியாயின் பிடி தலையை ஊடுருவி மறுபுறம் வந்து ஆப்பு அடிக்கப்பட்டிருக்க வேண்டும். வெறும் பசையை நம்பலாகாது. தன் எடையாலேயே விழுந்து வேலை செய்யும் அளவுக்குத் தலை கனத்திருக்க வேண்டும். இலேசான சுத்தியலுக்குக் கையின் விசை தேவைப்படும். கை களைக்கக் களைக்க அடி ஒன்றுபோல் விழாது. பழைய தோல் பந்தைப் பிடியில் பொருத்தி விற்கும் சுத்தியலும் உண்டு. முகத்துக்கு அது பொருந்தும்; விளிம்புக்கு மரமே மேல்.

தட்டும் முறையையும் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஆளிவிதை எண்ணெய், ஒன்றிரண்டு தேக்கரண்டி மட்டும், முகத்திலும் விளிம்பிலும் அடியிலும் தடவி, மட்டையைப் படுக்கவைத்து ஒரு நாள் விட வேண்டும். பிடி செருகிய இடத்தில் எண்ணெய் பட்டால் பசை நெகிழும். வீட்டிலுள்ள தேங்காயெண்ணெய் ஆகாதா என்று கேட்பீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பற்றி மெல்லிய தோலாக உறையும் இயல்புடையது. தேங்காயெண்ணெய் அவ்வாறு உறையாது, பிசுபிசுத்தே கிடக்கும். எண்ணெய் ஊறிய பின் மிக மெல்லத் தொடங்கி, நாள்தோறும் சிறிது நேரமாக, மொத்தம் நான்கைந்து மணி நேரமேனும் தட்ட வேண்டும். விளிம்பை நேராக அடிக்கலாகாது. சாய்வாகத் தடவினாற்போல் அடித்து அதன் கூர்மையை உருட்ட வேண்டும். மட்டையின் முதுகையும் பிடி செருகிய இடத்தையும் தொடவே கூடாது. பிறகு பழைய பந்தை மெல்ல ஆடிப் பார்த்து, தையலின் தடம் முகத்தில் பதிந்தால் மறுபடியும் சுத்தியலுக்குத் திரும்ப வேண்டும்.

இவ்வளவையும் கேட்டபின் அந்தச் சிறுவன் கேட்டது ஒன்றுதான்.

"அப்புச்சியோட கொட்டாப்புளியைக் கடைசல் புடிச்சு உருட்டிக்கலாமுங்களா?"

எனக்கு அது தோன்றவேயில்லை. மரக் கடைசல் செய்யும் ஒருவரிடம் இருவரும் சென்றோம். கட்டையைக் கையில் வாங்கிய பெரியவர் கனத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த மாதிரிக் கட்டை இனி எங்கே தம்பி கிடைக்கப்போகிறது!" என்றார். ஒரு முகத்தை மட்டும் உருட்டச் சொன்னோம். மறுமுகம் பாட்டனார் விட்டுச்சென்றபடியே தட்டையாய் இருக்கட்டும் என்றான் பேரன். கடைசல் சுழன்றபோது கறுத்த மேல்தோல் சுருள் சுருளாக உரிந்தது. அடியில் செம்பழுப்பு நிறத்தில், வரியோட்டம் தெரியாத வைரம் வெளிப்பட்டது. உப்புத்தாளை வைத்துத் தேய்த்து முடித்தபோது அது ஒரு தோல் பந்தின் அளவுக்கு உருண்டிருந்தது.

தீபாவளி கழிந்து சில நாட்களுக்குப்பின் அந்த லைன் வீட்டு வாசலைக் கடந்து சென்றேன். பவர்டேபிள்களின் இரைச்சலுக்கிடையே டொக், டொக் என்ற ஒலி கேட்டது. திண்ணையில் புது மட்டையை மடியில் கிடத்திக்கொண்டு சிறுவன் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில், வேலையிலிருந்து திரும்பிய தந்தை, துணியின் பதம் பார்ப்பவரைப்போலக் கட்டைவிரலால் மட்டையின் முகத்தை அழுத்திப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாளாகும்" என்றார்.